முப்பது குரோமோசோம் செடி

எம்.எஸ்சி. ஆராய்ச்சிக்கு எனக்கு வந்தது நிலக்கடலை. டிக்கா இலைப்புள்ளியும் துரு நோயும் சேர்ந்து தாக்கினால் பாதி விளைச்சல் போய்விடும். அதைத் தாங்கும் குணம் நாம் பயிரிடும் ரகங்களில் குறைவு. பொலிவியாவின் காட்டுக் கடலையான அராக்கிஸ் கார்டினாசியில் தாராளம். கர்நாடகத்தின் தார்வாடில் உருவான ஜிபிபிடி 4 என்ற கடலை ரகத்துக்கு அந்தக் குணம் அங்கிருந்துதான் வந்தது. "ரெண்டையும் கலந்து நீ முதலிலிருந்து செஞ்சு பாரும்மா" என்றார் வழிகாட்டி.

மாலை நாலு மணிக்கு மேல் தொட்டிகளுக்கு நடுவே முக்காலி போட்டு உட்காருவேன். மறுநாள் விரியப்போகும் மொட்டை இரு விரலுக்குள் பிடித்து, இடுக்கியால் இதழ்களை விலக்கி, மகரந்தப் பைகளை ஒவ்வொன்றாகக் கிள்ள வேண்டும். ஒன்று தங்கினாலும் பூ தன் மகரந்தத்திலேயே கருவுற்றுவிடும். காம்பு மாதிரி தெரிவது காம்பு அல்ல, நூல் போன்ற குழல். கொஞ்சம் அழுத்தினால் ஒடியும். முதல் வாரம் ஒடித்ததுதான் அதிகம். விடிந்ததும் காட்டுச் செடியின் பூவிலிருந்து மகரந்தத்தைப் பிதுக்கிச் சூல்முடியில் தடவுவேன். கருவுற்ற பூவிலிருந்து மண்ணுக்குள் போய்க் காயாகும் விழுது இறங்கினால், அடையாளத்துக்கு அதில் சிவப்பு நூல் கட்டுவேன்.

அந்த நூலில்தான் கோட்டைவிட்டேன். செடியைப் பிடுங்கினால் காய் இருக்கிறது, நூலைக் காணோம். எது கலப்புக் காய், எது தானாகப் பிடித்த காய்? பண்ணையில் வேலை பார்க்கும் அக்கா பார்த்துவிட்டுச் சிரித்தார்: "பருத்தி நூலாம்மா கட்டுன? மண்ணுல மக்கிப்போகாதா?" ஒரு பருவம் வீண். அடுத்த பருவம் நைலான் நூல். மற்ற பூக்களையும் தினம் கிள்ளிப் போட்டேன்.

முன்னூற்றுச் சொச்சம் பூவில் கிடைத்த காய்களை ஒரு கையில் அள்ளிவிடலாம். முளைத்தவற்றில் நாலு செடிகள் காட்டுச் செடி மாதிரிச் சின்ன இலையோடு தரையில் படர்ந்தன. அப்பாடா, கலப்பு! பூவோ பூ, ஆனால் காய் இல்லை. மகரந்தத்தில் அசிட்டோகார்மைன் என்ற சிவப்புச் சாயம் விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் சாயமே ஏறவில்லை. எல்லாம் வெறும் சுருங்கிய தோல். காரணம் கணக்குதான். பயிர்க் கடலைக்கு 40 குரோமோசோம், காட்டுக் கடலைக்கு 20. இரண்டிலும் பாதி சேர்ந்து இதற்கு 30. ஜோடி சேராது, மலடு.

அப்புறம் கால்ச்சிசின், குரோமோசோமை இரட்டிப்பாக்கும் ரசாயனம். நனைத்த பஞ்சைக் கொழுந்தில் வைத்து 30-ஐ 60 ஆக்கி ஜோடி சேர வைக்கும் முயற்சி. அது விஷம், கையுறை இல்லாமல் தொடக் கூடாது. பல கொழுந்துகள் கருகின. ஒரே ஒரு கிளையில் இலை தடித்து வந்தது. அதன் பூவை நசுக்கிப் பார்த்தேன்: அங்கங்கே முழு உருண்டையாக, அடர் சிவப்பில் மகரந்தம். ஆய்வகம் என்றும் பாராமல் கத்திவிட்டேன்.

அந்தக் கிளை மூன்று காய் கொடுத்தது. பயிர் ரகத்தோடு திரும்பத் திரும்பக் கலந்து 40-க்கு இறக்கி, விளைச்சல் பார்த்துத் தேர்ந்தெடுப்பது பல வருட வேலை. என் படிப்புக்குள் அடங்காது. விதைகளைப் பட்டர் பேப்பர் கவரில் போட்டு ஜூனியரிடம் கொடுத்தேன், மீதி நைலான் சுருளையும் சேர்த்து.