நூற்றிருபது ரூபாய் ஆட்டோவும் ஏழாம் வகுப்பும்

கேரள எல்லையோரத்துக் கொழிஞ்சாம்பாறைக்கு எப்படிப் போவது, எவ்வளவு செலவாகும் என்று வரிசையாக எழுதத்தான் உட்கார்ந்தேன். ஆனால் அந்த ஆட்டோக்காரரை முதலில் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

கோவையிலிருந்து வேலந்தாவளம் வரை டவுன் பஸ், பெண்களுக்கு இலவசம். எல்லை தாண்டி ஒரு கேரள பஸ். அதுவரை பர்ஸ் பத்திரமாக இருந்தது. இறங்கியதும், வெளியூர்க்காரி என்று தெரியக்கூடாதே என்று ஆட்டோவில் மலையாளம் பேசினேன். பள்ளிக்கூட வாசலில் "எத்ரயாணு சேட்டா?" என்றேன். "நூத்தி இருபது குடுங்க" என்று சுத்தத் தமிழில் பதில் வந்தது. ஊரே தமிழ் பேசுகிற இடத்தில் அரைகுறை மலையாளம் பேசினால் வேறென்ன நடக்கும்? மூன்று கிலோமீட்டர்கூட இருக்காது. கொடுத்துத் தொலைத்தேன்.

கல்லூரித் தோழி அங்கே ஓர் அரசுப் பள்ளியில் இங்கிலீஷ் டீச்சர். பழைய கதைப் புத்தகங்களை ஒரு பை நிறையக் கட்டிக்கொண்டு அவளைப் பார்க்கத்தான் போனேன். கொழிஞ்சாம்பாறை இருக்கும் இந்தச் சித்தூர் தாலுகா பழைய கொச்சி சமஸ்தானத்தில் இருந்தது, 1956-இல் கேரளத்தோடு நின்றுவிட்டது. வீடுகளில் மட்டும் தமிழ் அப்படியே இருக்கிறது. அதனால் அரசுப் பள்ளியிலேயே தமிழ் வழி வகுப்பு உண்டு. தமிழ், மலையாளம், இந்தி, அதற்கு மேல் இங்கிலீஷ். இரண்டே மொழி படித்த நான் 'ஐயோ பாவம்' என்று நினைத்துக்கொண்டேதான் ஏழாம் வகுப்புக்குள் நுழைந்தேன்.

"இவங்ககிட்ட இங்கிலீஷ்ல மட்டும்தான் பேசணும்" என்றாள் தோழி. முதல் பெஞ்சுப் பையன் எழுந்தான். "வாட் இஸ் யுவர் சேலரி?" டீச்சர் முறைத்தாள், வகுப்பு சிரித்தது, பி.இ. படித்த எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. வார்த்தை கிடைக்காத இடத்தில் மலையாளத்தைப் போட்டு நிரப்பிக்கொண்டு அதுகள் பாட்டுக்குப் பேசுகின்றன. காலேஜ் 'கோளேஜ்' ஆகிறது, யாருக்கும் கூச்சமில்லை. எங்கள் வகுப்பில் ஒரு 'இஸ்' விட்டுப்போனால் போதும், பின்பெஞ்சு ஒரு வாரம் ஓட்டும். அந்தப் பயத்தில் வாயே திறக்காமல் இங்கிலீஷில் எண்பது மார்க் வாங்கியவள் நான்.

"ஹவ் யூ கேம்?" என்றது ஒரு ரெட்டைச் சடை. ஆட்டோ என்றேன். "ஹவ் மச்?" சொன்னேன். "அய்யோ! ஹீ சீட் யூ!" என்று கத்திவிட்டு கரும்பலகைக்கே வந்துவிட்டாள். "மினிமம் தேர்ட்டி, ஒன் அண்ட் ஹாஃப் கிலோமீட்டர். நெக்ஸ்ட் ஒன் கிலோமீட்டர் ஃபிஃப்டீன். டோட்டல் ஃபார்ட்டி ஃபைவ்!" அடியில் இரண்டு கோடு வேறு போட்டாள். அப்பா ஆட்டோ ஓட்டுகிறாராம். இலக்கணத்தை யார் பார்த்தார்கள், எனக்கு முழுசாகப் புரிந்தது.

மதியம் பிள்ளைகளோடு சோறு, சாம்பார், பயறுத் தோரன். தோரனுக்காகவே இன்னொரு தடவை போகலாம். ஆனால் முட்டை வாரத்துக்கு ஒன்றுதானாம். அந்த விஷயத்தில் நம்ம ஊர்தான் மேல்.

திரும்பும்போது வேறு ஆட்டோ. "அண்ணா, பஸ் ஸ்டாண்டு. நாற்பத்தஞ்சுதானே?" என்று தமிழிலேயே கேட்டேன். சிரித்தார். ஐம்பது கொடுத்தேன், சில்லறை இல்லை என்றார். சரி, போகட்டும்.