100 வெள்ளிக்குக் குறையாமல்

சரியாக 100 வெள்ளிக்கு வாங்கியவர்கள் மட்டும் அறிக்கையில் இல்லை. 99.90 வராதது நியாயம், 100.10 வந்திருக்கிறது, 100 மட்டும் காணோம். எங்கள் தரவுத்தளத்திடம் வாடிக்கையாளர் எழுதிக் கேட்ட குவெரியில் ‘தொகை 100ஐ விடச் சிறியது’ என்பதற்கு முன்னால் ஒரு ‘நாட்’, அதாவது ‘இல்லை’. சிங்கப்பூரில் ஒன்-நார்த் பக்கம் இருந்த அந்த அலுவலகத்தில், குவெரியை வேகமாக ஓடும் வடிவத்துக்கு மாற்றும் ஆப்டிமைசர் குழுவில் நான் சேர்ந்து நாலைந்து மாதம்தான். தேடிப் போனால் தப்பு என் பத்து வரியில் வந்து நின்றது.

குவெரியை வாங்கியதும் ஆப்டிமைசர் அதை ஒரு மரமாக்கிக்கொள்ளும். ஒவ்வொரு கணுவிலும் ‘சிறியது’, ‘சமம்’ மாதிரி ஓர் ஆபரேட்டர், அதன் கீழே இரண்டு பக்கமும் மதிப்புகள். ஆபரேட்டரை நாங்கள் வெறும் குறியாக, ஸ்ட்ரிங்காகவே வைத்திருந்தோம். யாராவது ‘100 சிறியது தொகை’ என்று எழுதினால், தேடலை வேகப்படுத்தும் இண்டெக்ஸுக்குத் தோதாக ‘தொகை பெரியது 100’ என்று திருப்ப வேண்டும். அதற்கு ‘எதிர்’ என்று ஓர் அட்டவணை போட்டேன்: சிறியதற்கு எதிர் பெரியது. பள்ளிக்கூடத்து எதிர்ச்சொல் பாடம் மாதிரி. பிறகு ‘நாட்’டை நீக்கும் விதி எழுதும்போது, இருக்கிற அட்டவணைதானே என்று அதையே கூப்பிட்டுவிட்டேன். ‘சமம்’ மட்டும் உதைத்தது. அதற்குத் தனியாக ஓர் ‘இஃப்’ போட்டேன். அந்த இஃப் எழுதியபோதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

குழுவில் மூத்தவர் ஒருவர், இங்கேயே பிறந்து வளர்ந்தவர். எல்லாருக்கும் அண்ணன். என் நிரலைப் பார்த்துவிட்டுக் கேட்டார்: “தம்பி, எதிர்னா எந்த எதிர்?”

“சின்னதுக்கு எதிர் பெருசு, அண்ணே.”

“இடத்த மாத்துனா பெருசு, சரி. இல்லேன்னு மறுத்தா? நூறு வெள்ளிக்குக் குறையாமன்னு சொன்னா நூறு சேருமா சேராதா?”

சேரும். மளிகைக் கடையில் கணக்கு எழுதும் யாருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், தமிழில் கேட்டால்.

மத்தியானம் சாப்பாட்டுக் கடைத்தொகுதியில் மீதிப் பாடம். அண்ணன் தே ஓ கொசோங்கும் பரோட்டா கொசோங்கும் வாங்கினார். தேநீருக்குக் கொசோங் என்றால் சீனி இல்லை; பரோட்டாவுக்குக் கொசோங் என்றால் முட்டை, வெங்காயம் எதுவும் இல்லை. வெறுமை என்ற ஒரே மலாய்ச் சொல்தான். எதன்மேல் சொல்கிறோம் என்று தெரியாமல் கடைக்காரர் என்ன செய்வார்? “நீங்க சொல்லை மட்டும் எழுதி வச்சிருக்கீங்க” என்றார்.

போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தளம் இதை எப்படிச் செய்கிறது என்று அன்று மாலை உட்கார்ந்து படித்தேன். அங்கே மரத்தின் கணுவில் குறி இருப்பதில்லை, எண் இருக்கிறது. நான்கு பைட் முழு எண்கள் இரண்டுக்கு இடையிலான ‘சமம்’ 96. உரைக்கான ‘சமம்’ 98. பார்வைக்கு ஒரே குறி, உள்ளே வெவ்வேறு ஆட்கள். ஒவ்வொருவருக்கும் கேட்டலாக் என்ற உள் அட்டவணையில் ஒரு வரிசை. அதில் பக்கம் மாற்றினால் யார் என்பதற்குக் கம்யூட்டேட்டர் என்று ஒரு பத்தி, மறுத்தால் யார் என்பதற்கு நெகேட்டர் என்று இன்னொன்று. நான் ஒன்றாகக் குழைத்த இரண்டும் தனித்தனியாக. தரவில் எத்தனை வரிசைகள் நிபந்தனைக்குத் தேறும் என்று மதிப்பிடும் ஃபங்ஷனின் பெயரும் அங்கேதான். புள்ளிவிவரம் கையில் இல்லாதபோது ‘சமம்’ என்றால் 0.005, ‘சிறியது’ என்றால் மூன்றில் ஒரு பங்கு என்று குத்துமதிப்பாக வைத்துக்கொள்கிறது.

எங்கள் எஞ்சினிலும் அப்படியே மாற்றினோம், இரண்டு வாரம் பிடித்தது. பெரும்பாலும் சலிப்பான வேலை. ஒரே இடத்தில்தான் வாக்குவாதம்: தசம எண்களுக்கு நெகேட்டர் எழுதலாமா? ‘எண் அல்ல’ என்பதைக் குறிக்கும் மதிப்பு ஒன்று உண்டு. ஆங்கிலச் சுருக்கத்தைத் தமிழில் எழுதினால் ‘நான்’ என்று வந்து தொலைக்கிறது. கணினியில் தசம எண்களைக் கையாள்வதற்கான ஐஇஇஇ 754 விதிப்படி நான் நானுக்கே சமமில்லை. நான் எதையும் விடச் சிறியதில்லை, பெரியதுமில்லை. (திங்கட்கிழமை காலையில் ஒத்துக்கொள்ளக்கூடியதுதான்.) அதனால் ‘100ஐ விடச் சிறியதல்ல’ என்றால் நான் உள்ளே, ‘100 அல்லது அதை விடப் பெரியது’ என்றால் வெளியே. போஸ்ட்கிரெஸ் நானை நானுக்குச் சமமாகவும் மற்ற எல்லா எண்களையும் விடப் பெரியதாகவும் கொள்வதால் அங்கே சிக்கல் இல்லை. நாங்கள் ஐஇஇஇ வழியில் போனவர்கள். மதிப்பே தெரியாத இடத்தைக் குறிக்கும் ‘நல்’லைப் பற்றித்தான் முதலில் பயந்தேன். அது சாதுவாக இருந்தது: இரண்டு வடிவத்திலும் ‘நல்’லாகவே முடிகிறது. கடைசியில் தசம எண்களின் ‘சிறியது’க்கு நெகேட்டர் கட்டத்தைக் காலியாக விட்டோம். கட்டம் காலியாக இருந்தால் ‘நாட்’டைத் தொடாதே என்பது விதி.

“கொசோங்” என்றார் அண்ணன், கட்டத்தைப் பார்த்து.

என் பழைய சோதனைகள் ஏன் பிடிக்கவில்லை என்றும் பார்த்தோம். கோடிக்கணக்கான எண்களிலிருந்து குலுக்கல் முறையில் எடுத்த தரவு. இரண்டு பக்கமும் சமமாக விழவே இல்லை. இப்போது ஒவ்வொரு ஒப்பீட்டுச் சோதனையிலும் சரியாக 100 வெள்ளிக்கு ஓர் ஆர்டர் இருக்கிறது. சமத்துக்கான அந்தத் தனி இஃபை அழித்தவன் நான்தான்.