பிளக்கு கலர் போதாது, லாம்டாவ பாருங்க

வண்ணார்பேட்டையில நமக்குத் தெரிஞ்ச மெக்கானிக் அண்ணாச்சி ஸ்பார்க் பிளக்க கழட்டி கலரப் பாத்தே காத்து-பெட்ரோல் மிக்சர் எப்படின்னு சொல்லிருவாவ, அந்தக் கண்ணுக்கு எனக்கு ரொம்ப மரியாதை உண்டு, ஆனா ஓடிட்டு இருக்கும்போது எந்த ஆர்பிஎம்ல என்ன நடக்குன்னு பிளக்கு சொல்லாதுல்லா. எக்ஸாஸ்ட்ல ஆக்சிஜன அளக்குத சென்சார்ல, நேரோபேண்ட் வகையும் ரிச்சா (பெட்ரோல் கூட) லீனா (பெட்ரோல் கம்மி)ன்னுதான் சொல்லும், எவ்வளவுன்னு சொல்ல வைட்பேண்ட்தான் வேணும். அது காட்டுத நம்பர்தான் லாம்டா: 1ன்னா சரியான கலவை, அதுக்கு மேலன்னா லீன், கீழன்னா ரிச்.

நம்ம வண்டி பழைய கார்புரேட்டர் மாருதி 800. எக்ஸாஸ்ட் பைப்புல பங் (சென்சார திருகி மாட்டுத மரை வளையம்) வெல்டு வச்சு சென்சார மாட்டுனோம். பைப்புக்கு அடியில மாட்டாதீங்க, மேல்பக்கமா சாய்ச்சு வைங்க, தண்ணி பட்டா சூடான சென்சார் விரிசல் விட்டுரும். சென்சாருக்கு முன்னாடி கேஸ்கெட் லீக் இருந்தா வெளிக்காத்து உள்ள போயி லீன்னு பொய்யா காட்டும், மிஸ்ஃபயர் ஆனாலும் எரியாத ஆக்சிஜன் வந்து அதே கததான், அதனால முதல்ல அத சரி பண்ணிட்டு அப்புறம் கார்புரேட்டர்ல பெட்ரோல அளந்து விடுத ஜெட்ல கை வைங்க.

வள்ளியூர் தாண்டி பணகுடி பக்கம் ஆடிக் காத்து எதிர்ல அடிக்கும்போது முழுசா மிதிச்சா லாம்டா 1.02, அந்த லோடுக்கு அது ஆபத்து மக்கா! மெயின் ஜெட் பெருசு போட்டதும் 0.87க்கு வந்துட்டு, வண்டி இழுக்க இழுவையே வேற.

இன்னொன்னு, சரியான காத்து-பெட்ரோல் எடை விகிதம் சுத்த பெட்ரோலுக்குத்தான் 14.7, இப்ப வார இ20க்கு (20% எத்தனால் கலந்த பெட்ரோல்) ஏறக்குறைய 13.5, ஆனா லாம்டா ரெண்டுக்கும் 1தான், அதனால லாம்டாவையே பாருங்க.

சட்டுனு மிதிச்சா மட்டும் ஒரு நொடி லீனா ஓடுது. அந்த நேரத்துல கூடுதல் பெட்ரோல் தார ஆக்சிலரேட்டர் பம்ப்போட டயாப்ரம் மாத்திட்டு எழுதுதேன்.