தீபாவளிப் பலகாரமும் மணியின் கணையமும்

தீபாவளிக்கு மறுநாள் எங்கள் நாட்டு நாய் மணி வாந்தி எடுக்க ஆரம்பித்தான். முதலில் மஞ்சளாக, அப்புறம் வெறும் நுரை. வெடிச்சத்தத்துக்குப் பயந்திருப்பான் என்றுதான் நினைத்தோம். நாட்டு நாய்க்கு எதுவும் செரிக்கும் என்பது எங்கள் தெருவில் பலர் சொல்வது. அவன் முன்கால்களை நீட்டி நெஞ்சைத் தரையில் அழுத்தி, பின்பக்கத்தை மட்டும் தூக்கியபடி நெடுநேரம் நின்றது சோம்பல் முறிப்பதாகத் தெரியவில்லை. போனில் படம் பிடித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனேன்.

வீடியோவைப் பார்த்ததுமே டாக்டர், "வயித்து வலி தம்பி. நேத்து என்னென்ன சாப்பிட்டான்?" என்றார். அம்மாவுக்குப் போன் போட்டு விசாரித்ததில், வந்திருந்த சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு கை முறுக்கு, மிக்சர், மைசூர்பாகு என்று போட்டது வெளிவந்தது. மிக்சரில் உலர்திராட்சை இருந்ததா, வெங்காய பக்கோடா ஏதும் கொடுத்தார்களா என்று தனியாகக் கேட்டார். திராட்சை நாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், வெங்காயம் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். நல்லவேளை, இரண்டும் இல்லை.

குடலில் அடைப்பு இல்லை என்று எக்ஸ்ரேயில் உறுதிசெய்துகொண்டு, கணையம் சுரக்கும் லிபேஸ் என்ற செரிமான நொதியின் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை எடுத்தார்கள். 200 வரை சரி, 400-ஐத் தாண்டினால் கணைய அழற்சியை, அதாவது கணைய வீக்கத்தைச் சந்தேகிக்க வேண்டுமாம். மணிக்குத் தாண்டியிருந்தது.

கணையம் சுரக்கும் நொதிகள் குடலுக்குப் போன பிறகுதான் வேலையைத் தொடங்க வேண்டும். இந்த நோயில் கணையத்துக்குள்ளேயே தொடங்கி அதையே செரிக்கப் பார்க்கின்றன. கொழுப்பு மிகுந்த ஒரு வேளைச் சாப்பாடே சில நாய்களுக்கு இதைக் கிளப்பிவிடும். முறுக்குத் துண்டு தின்ற நாயெல்லாம் படுத்துவிடாது என்பதும் உண்மைதான். ஆனால் எந்த நாய் படுக்கும் என்று முன்கூட்டித் தெரியாதே. எண்ணெயில் பொரித்த பலகாரத்தில் கொழுப்பு எவ்வளவு என்பதற்கு உருளைக்கிழங்கு சிப்ஸே உதாரணம்: 100 கிராமுக்கு ஏறத்தாழ 35 கிராம். காரத்தைக் குறைத்து, உப்பைக் கழுவிக் கொடுத்தாலும் எண்ணெய் போகாது.

மணிக்குக் கொடுத்த சிகிச்சை இதுதான்: டிரிப்ஸ், வாந்தியை நிறுத்த ஊசி, வலிக்கு ஊசி, அவ்வளவுதான். நாம் போடும் வலி மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள் என்று கண்டிப்பாகச் சொன்னார். வாந்தி நின்றதும் பட்டினி போடாமல், தோலுரித்த கோழி நெஞ்சுக்கறியை வேகவைத்து, மேலே மிதக்கும் கொழுப்பை எடுத்துவிட்டு, குழைந்த சோற்றில் பிசைந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கச் சொன்னார். மணி முதலில் முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொண்டான். அம்மா கையில் வைத்து ஊட்டியதும் தின்றான்.

மருந்தைவிட மனிதர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. "நாய்க்கு நெய்ச்சோறு தங்காதுன்னு அப்பவே சொன்னேனே" என்ற அத்தைதான், அடுத்த வாரம் பஜ்ஜியைப் பிட்டு நீட்டினார். ஒரு முறை வந்தவனுக்கு மறுபடியும் வரலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால், விருந்தாளி வந்தால் இப்போதெல்லாம் மணியை மாடிக்கு அனுப்பிவிடுகிறோம். கொடுத்தே தீருவேன் என்பவர்களுக்கு வேகவைத்த கேரட் துண்டுகள் கிண்ணத்தில் தயாராக இருக்கும்.