மலை சூழ்ந்த லோகனில் ஒரு ஜனவரி

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், சால்ட் லேக் சிட்டியிலிருந்து வடக்கே ஒன்றரை மணி நேரம் ஓட்டினால் லோகன் வந்துவிடும். ஐம்பதாயிரம் சொச்சம் பேர் வாழும் ஊர். சுற்றிலும் பால் பண்ணைகள், மேட்டில் ஒரு பல்கலைக்கழகம், இரண்டு பக்கமும் பனி போர்த்திய மலைகள். இப்படியோர் ஊரில் காற்று கெடும் என்று யாருக்குத் தோன்றும்? ஆனால் கெடுகிறது. 2004 ஜனவரியில் இங்கே நுண்துகள், அதாவது பிஎம் 2.5, ஒரு கன மீட்டருக்கு 100 மைக்ரோகிராமைத் தாண்டியது. ஒரு நாளைக்கு அமெரிக்கா இன்று வைத்திருக்கும் வரம்பு 35.

தங்கை குடும்பம் அங்கே இருப்பதால் பொங்கலை ஒட்டிப் போயிருந்தேன். வெல்ஸ்வில் மலைகளைக் கடக்கும் சாலையில் உச்சி வரைக்கும் பளிச்சென்று நீல வானம். இறக்கத்தில் வண்டி திரும்பியதும், கீழே லோகன் இருக்கும் கேஷ் பள்ளத்தாக்கு முழுவதும் அழுக்கு வெள்ளையாக ஏதோ நிரம்பிக் கிடந்தது. ஓரங்களில் பழுப்பு.

"இன்வெர்ஷன்ணா. ஒரு வாரமா இப்படித்தான்" என்றாள் தங்கை.

பனியுகத்தில் பான்வில் என்ற மாபெரும் ஏரியின் ஒரு கை இந்தப் பள்ளத்தாக்கில் நீண்டிருந்தது. அதன் பழைய கரைகள் மலைச்சரிவில் படிக்கட்டாக இன்றும் தெரிகின்றன. ஏரி வடிந்துவிட்டது. தண்ணீர் நின்ற அதே குழியில் இப்போது குளிர்காலக் காற்று நிற்கிறது. தரையெல்லாம் பனி மூடியபின் வெயில் அதில் பட்டுத் திரும்பிப் போய்விடுகிறது, மண் சூடேறுவதில்லை. நீண்ட இரவில் தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து, கனத்து, அடியில் படிகிறது. அதற்குமேல் வெதுவெதுப்பான காற்று இட்லிப் பானை மூடிபோல உட்கார்ந்துகொள்கிறது. தங்கை சொன்ன இன்வெர்ஷன் இதுதான். கிழக்கிலும் மேற்கிலும் மலை. பக்கவாட்டில் போகவும் வழியில்லை. வண்டிப் புகை, விறகடுப்புப் புகை எல்லாம் கீழேயே தங்கிவிடுகின்றன.

இதில் மாடுகளுக்கும் பங்கு உண்டு என்பதுதான் என்னை வெகுவாக யோசிக்க வைத்தது. பண்ணைச் சாணத்திலிருந்தும் மூத்திரத்திலிருந்தும் அம்மோனியா எழுகிறது. வண்டிப் புகையின் நைட்ரஜன் ஆக்சைடுகள் காற்றிலேயே நைட்ரிக் அமிலமாக மாறுகின்றன. இரண்டும் சேர்ந்தால் அம்மோனியம் நைட்ரேட். குளிரில் அது துகளாகவே நிலைத்து நிற்கும். குளிர்கால நுண்துகளில் பெரும்பங்கு அதுதான். இந்தப் பள்ளத்தாக்கில் அம்மோனியா தேவைக்கு மேலேயே இருப்பதால், மாடுகளைக் கொஞ்சம் குறைத்துப் பெரிய பலன் வராது. வண்டிப் புகையைத்தான் குறைக்க வேண்டும். ஊர்ப் பேருந்தில் டிக்கெட்டே கிடையாது, எல்லோருக்கும் இலவசம். இந்த ஊருக்கு அதைவிட நல்ல காரியம் இல்லை என்பேன். அப்படியிருந்தும் சாலையில் பெரும்பாலும் கார்களே ஓடுகின்றன.

ஒரு மதியம் மாப்பிள்ளை, "வாங்க மச்சான், வெயில் பார்த்துட்டு வரலாம்" என்று லோகன் மலையிடுக்குச் சாலையில் அழைத்துப் போனார். கிளம்பும்போது வண்டியின் திரையில் மைனஸ் 12 டிகிரி. மேலே ஏற ஏற எண் கூடிக்கொண்டே வந்தது. மைனஸ் 8, மைனஸ் 5. ஒரு வளைவில் சாம்பல் நிறம் சட்டென்று அறுந்து, கண் கூசும் வெயில். கதவைத் திறந்து இறங்கி ஆழமாக மூச்சு இழுத்தேன். தொண்டைக் கரகரப்பு அப்போதுதான் விட்டது. அப்புறம் அந்தச் சாலை பேர் லேக் என்னும் ஏரிக்குப் போகிறது. அழகுதான், ஆனால் என் மனசெல்லாம் கீழே பள்ளிக்கூடத்தில் இருந்த மருமகன்மேல். அவனுக்கு இளைப்பு உண்டு. காற்று மோசமான நாள்களில் இடைவேளைக்குப் பிள்ளைகளை வெளியே விடுவதில்லை. ஏழு வயதுக் குழந்தை ஓடி விளையாடலாமா என்பதை காற்றின் கணக்கு முடிவுசெய்வது எனக்குத் தாங்கவில்லை.

புயல் ஒன்று வந்தால்தான் விடிவு. மேற்கிலிருந்து காற்று அடித்து அந்த மூடியைக் கலைத்துவிட்டால் ஒரே இரவில் ஊர் துலங்கிவிடும். வசந்தத்தில் அடிக்கடி காற்றும் மழையும் வருவதால் கவலை இல்லை. கோடையில் வேறு சிக்கல்: கலிஃபோர்னியாவிலும் ஐடஹோவிலும் காடு எரிந்தால் அந்தப் புகை இங்கே வந்து சேர்கிறது.

நீங்கள் போவதாக இருந்தால் செப்டம்பர் கடைசியில் போங்கள், மேப்பிள் மரங்கள் மலையிடுக்கு நெடுகச் சிவந்திருக்கும். ஜனவரியில்தான் முடியும் என்றால், மாநில அரசு தினமும் வெளியிடும் காற்றுத் தர நிறத்தைக் காலையிலேயே பாருங்கள். சிவப்பு என்றால் ஊருக்குள் நடைப்பயிற்சி வேண்டாம், மலைக்கு ஏறிவிடுங்கள். வீட்டில் இளைப்புக்காரர் இருந்தால் மருந்து கையில் இருக்கட்டும். விறகு மூட்டத் தடை போட்ட நாளில், தங்கும் விடுதியில் கணப்பு அழகாக இருந்தாலும் தயவுசெய்து பற்றவைக்காதீர்கள்.