பெல்ட் வாங்குகிறவர் யார்? ஒரு சிறு இணையக் கடையின் நாட்குறிப்பு

ஜனவரி 8

பழைய கேசட் பிளேயர்களுக்கும் டேப் ரெக்கார்டர்களுக்கும் உள்ளே மோட்டாரின் சுழற்சியைச் சக்கரங்களுக்குக் கடத்தும் ரப்பர் பெல்ட்டுகளை இணையத்தில் விற்கத் தொடங்கி இன்றோடு மூன்று மாதங்கள் ஆகின்றன. இதுவரை வந்த ஆர்டர்கள் 11. அவற்றில் ஒன்றுகூட நான் காசு கொடுத்துப் போட்ட விளம்பரத்தின் வழியாக வரவில்லை என்பதைக் கணக்கு நோட்டைப் புரட்டியபோதுதான் கவனித்தேன்.

விளம்பரத்தை யாருக்குக் காட்ட வேண்டும் என்று அந்தச் சமூக ஊடகத் தளம் கேட்டபோது, 45 முதல் 65 வயது வரை, பழைய பாடல்களில் ஆர்வம் உள்ளவர்கள் என்று குறித்துக் கொடுத்தேன். பிலிப்ஸ் நிறுவனம் கேசட்டை அறிமுகப்படுத்தியது 1963இல். சோனியின் வாக்மேன் வந்தது 1979இல். அந்தக் கருவிகளோடு வளர்ந்தவர்கள்தான் அவற்றுக்கான உதிரிப் பாகத்தையும் வாங்குவார்கள் என்று நினைத்தேன். ஆனால் பழைய பாட்டைக் கேட்க விரும்புகிறவருக்கு அந்தப் பாட்டு இன்று கைப்பேசியிலேயே கிடைத்துவிடுகிறது. அவர் என் படத்தைப் பார்க்கிறார், இளமைக் காலத்தை ஒரு கணம் நினைத்துக்கொள்கிறார், விருப்பக் குறி ஒன்றை இட்டுவிட்டுப் போய்விடுகிறார். அவரிடம் பழுதான கருவி இருக்கிறதா என்பதை நானும் அறியேன், தளமும் அறியாது. 2021 ஏப்ரலில் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ்ஸின் 14.5 பதிப்பு வந்தபின், அதில் ஒருவரைப் பிற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடர விரும்பும் செயலி முதலில் அவருடைய அனுமதியைப் பெற வேண்டும் என்றாகிவிட்டதால், யாருக்கு என்ன தேவை என்று இத்தளங்கள் ஊகிப்பதும் முன்பைவிடக் கடினமாகிவிட்டது. அப்படி அனுமதி கேட்பதுதான் முறை என்பதே என் எண்ணம். எனினும் கடைக்காரன் என்ற முறையில் அதற்கான விலையை நானும் கொடுக்கிறேன்.

ஜனவரி 11

நிறுத்திவிட்ட இரண்டு விளம்பரங்களின் எண்களை மீண்டும் பார்த்தேன். பழைய பாடல் அன்பர்களுக்கான முதல் விளம்பரத்தில் 600 கிளிக்குகள், விற்பனை இல்லை. தேடுபொறியில் போட்ட இரண்டாவது விளம்பரத்தில் 40 கிளிக்குகள், அதிலும் விற்பனை இல்லை. இரண்டையும் ஒரே நாளில், ஒரே எரிச்சலில் நிறுத்தியிருக்கிறேன்.

புள்ளியியலில் எளிய விதி ஒன்று உண்டு. பலமுறை முயன்றும் ஒருமுறைகூட நிகழாத ஒன்றின் உண்மையான விகிதம் அதிகபட்சம் எவ்வளவு இருக்கக்கூடும் என்பதை, மூன்றை முயற்சிகளின் எண்ணிக்கையால் வகுத்து, 95 விழுக்காடு நம்பிக்கையோடு சொல்லலாம். 600 கிளிக்குகளுக்கு அது அரை விழுக்காடு. ஆகவே முதல் விளம்பரத்தை நிறுத்தியதில் தவறில்லை. 40 கிளிக்குகளுக்கோ 7.5 விழுக்காடு, அதாவது நூறு பேர் வந்தால் ஏழு பேர் வாங்கக்கூடிய நல்ல விளம்பரமாக அது இருந்திருந்தாலும் இந்த எண்களில் அது தெரிந்திருக்காது. நூற்றுக்கு இருவர் வாங்குவதாக வைத்துக்கொண்டால்கூட, முதல் 40 பேரில் எவருமே வாங்காமல் போவதற்கு ஏறத்தாழ 45 விழுக்காடு வாய்ப்பு இருக்கிறது. ஒரு காசைச் சுண்டிவிட்டுப் பார்த்த அளவுக்குத்தான் எனக்குத் தகவல் கிடைத்திருக்கிறது. அதைக் கொண்டு தீர்ப்பே எழுதிவிட்டேன்.

ஜனவரி 19

வாங்கிய 11 பேருக்கும் தனித்தனியே எழுதினேன். கடை எப்படி இருக்கிறது, பொருள் பிடித்திருக்கிறதா என்றெல்லாம் கேட்டால் மரியாதைக்காக நல்ல வார்த்தை சொல்வார்கள் என்பதால், ஒரே ஒரு கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டேன்: "இந்தப் பெல்ட்டைத் தேடத் தொடங்கிய அன்று என்ன நடந்தது?" ஏழு பேர் பதில் எழுதினார்கள், அவர்களில் நால்வர் ஒரு பக்கத்துக்குக் குறையாமல் எழுதியிருந்தார்கள்.

வீடு மாறும்போது ஒருவருக்குப் பரணிலிருந்து ஒரு பெட்டி கிடைத்திருக்கிறது. அதற்குள் காலமான அவருடைய தந்தை பேசிப் பதிவுசெய்து அனுப்பிய கேசட் இருந்திருக்கிறது. இன்னொருவர் பல ஆண்டுகளுக்கு முன் ஆய்வுக்காக எடுத்த நேர்காணல்களை இப்போது எழுத்தில் பெயர்க்க வேண்டியவர். மூன்றாமவர் தம் ஆசிரியரிடம் இசை பயின்றபோது பதிவுசெய்த பாடங்களை மகளுக்குக் கேட்கக் கொடுக்க விரும்பியவர். அவருக்கு வயது 38, என் விளம்பரத்தின் வயது வரம்புக்கே வெளியில் இருந்தவர். நான்காமவர் ஒரு மெக்கானிக். எஞ்சிய மூவருக்கும் கருவியை ஓடவைத்துப் பார்க்க வேண்டும் என்ற ஆசை, அவ்வளவுதான்.

இவர்களுக்கு வயதிலோ தொழிலிலோ விருப்பத்திலோ பொதுவான அம்சம் எதுவும் இல்லை. ஏழு பேரும் ஏதோ ஒரு நாளில் கருவியின் பொத்தானை அழுத்தியிருக்கிறார்கள், அது ஓடவில்லை. அந்த நாள் மட்டுமே பொதுவானது. அதற்கு முந்தைய வாரத்தில் என் விளம்பரத்தைப் பார்த்திருந்தாலும் அவர்களில் எவரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள்.

ஜனவரி 27

கடந்த ஒரு வாரமாகச் சொற்களோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன். என் பக்கத்தின் தலைப்பு "சதுர வெட்டு டிரைவ் பெல்ட், 1.2 மி.மீ." என்று இருந்தது. கருவிக்குள் பெல்ட் என்று ஒன்று இருப்பதே தெரியாதவர் அந்தச் சொல்லைத் தேடமாட்டார். வந்த கடிதங்களில் அவர்கள் எழுதியிருந்த சொற்களை ஒரு தாளில் அப்படியே எடுத்தெழுதினேன்: "பாட்டு இழுத்து இழுத்துப் பாடுகிறது", "மோட்டார் சத்தம் கேட்கிறது, கேசட் சுற்றவில்லை", "டேப் உள்ளே சிக்கிக்கொள்கிறது", "உள்ளே தார் மாதிரி ஏதோ ஒட்டிக்கொண்டிருக்கிறது".

இந்த நான்கும் பெரும்பாலும் பெல்ட்டின் கோளாறுதான். ரப்பர் தளர்ந்தால் ஒலிநாடா வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் என்ற தன் வேகத்தில் ஓடாமல் தடுமாறும். பெல்ட் அறுந்தாலோ வழுக்கினாலோ மோட்டார் மட்டும் சுற்றும். நாடாவைச் சுற்றிக்கொள்ள வேண்டிய பக்கம் நின்றுபோனால் வெளியே வரும் நாடா போக இடமின்றி உள்ளே குவியும். சில வகை ரப்பர் ஆண்டுக்கணக்கில் கிடந்து கறுப்புப் பிசினாக உருகிவிடும். ஆகவே ஒவ்வொரு அறிகுறிக்கும் ஒரு பக்கம் எழுதினேன். கோளாறு எதனால் வருகிறது, மூடியைத் திறந்து எதைப் பார்க்க வேண்டும், உருகிய பிசினை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் எப்படித் துடைப்பது, பழைய பெல்ட் நீண்டுபோயிருக்கும் என்பதால் அதை அளக்காமல் சக்கரங்களைச் சுற்றி நூலை ஓடவிட்டு அந்த நீளத்தைவிட 5 முதல் 10 விழுக்காடு குறைவான அளவை ஏன் வாங்க வேண்டும் என்பதையெல்லாம் விரிவாகச் சொல்லிவிட்டு, விற்பனைக்கான பொத்தானைக் கடைசியில் வைத்தேன்.

எந்தச் சொற்களைத் தேடியவர்களுக்கு நம் தளம் காட்டப்பட்டது என்பதைச் சொல்லும் கூகுள் சர்ச் கன்சோல் என்ற கருவியில் கடந்த 16 மாதங்கள் வரையிலான தேடல் சொற்களைப் பார்க்க முடியும். என் கடைக்கு வயது மூன்று மாதம்தான் என்றாலும் அதிலும் பாடம் இருக்கிறது. மிக அரிதான தேடல்களைத் தனியுரிமை கருதி அது மறைத்துவிடுகிறது. என்னைப் போன்ற சிறிய கடைக்கோ அரிதான தேடல்தான் பிழைப்பு. அதனால் கடிதங்களில் கிடைத்த சொற்களுக்கே நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

பிப்ரவரி 3

தேடுபொறி விளம்பரத்தை மீண்டும் தொடங்கினேன். மூன்றே நாளில் வேடிக்கை. இடுப்புக்குக் கட்டும் தோல் பெல்ட், காரின் சீட் பெல்ட், சலவை இயந்திர பெல்ட் ஆகியவற்றைத் தேடியவர்களுக்கெல்லாம் என் விளம்பரம் காட்டப்பட்டிருக்கிறது. தேடுகிறவரின் சொல் என் சொல்லோடு எவ்வளவு நெருங்கியிருக்க வேண்டும் என்ற சொற்பொருத்தத்தைப் பரந்த நிலையில் விட்டுவைத்தது என் கவனக்குறைவு. பொருத்தத்தைச் சொற்றொடர் அளவுக்குச் சுருக்கி, தோல், சீட், சலவை, டிரெட்மில் முதலிய 23 சொற்களை விலக்குப் பட்டியலில் சேர்த்தேன். இம்முறை 300 கிளிக்குகள் ஆகும்வரை நிறுத்துவதில்லை என்று நோட்டில் எழுதிக் கையொப்பமும் இட்டிருக்கிறேன். என் பொறுமையின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

பிப்ரவரி 14

மெக்கானிக்குகளைப் பற்றி எழுத வேண்டும். தந்தையின் குரலைக் கேட்க விரும்பியவர் ஒரு பெல்ட் வாங்கினார். அவருடைய வேலை முடிந்தது, அவர் மீண்டும் வரத் தேவையில்லை. மெக்கானிக்கிடமோ அப்படிப்பட்ட பத்துப் பேர் வருகிறார்கள். முன்னவரை அடைய ஒவ்வொரு முறையும் செலவு செய்ய வேண்டும். பின்னவரை ஒருமுறை அடைந்தால் போதும், பெல்ட் நன்றாக இருக்கும்வரை அவரே திரும்பி வருவார்.

பழுதுபார்க்கும் வேலையை வெளிப்படையாக அறிவித்திருக்கும் 12 பேருக்கு எழுதினேன். முதல் ஐவருக்கு ஒரே கடிதத்தை நகலெடுத்து, பெயரை மட்டும் மாற்றி அனுப்பினேன். எவரும் பதில் எழுதவில்லை, எழுதியிருந்தால்தான் வியப்பு. மற்ற ஏழு பேருக்கும் அவர்கள் காட்டியிருந்த வேலையை முதலில் பார்த்து, அதில் எந்த இடத்தில் எந்த அளவு பெல்ட் தேவைப்பட்டிருக்கும் என்று குறிப்பிட்டு எழுதினேன். மூவர் பதில் எழுதினார்கள். மூவருமே ஒரே குறையைச் சொன்னார்கள்: பெல்ட் வரும்வரை கருவி திறந்தபடி மேசையில் கிடக்கிறது, மற்ற வேலைக்கு இடமில்லை. அவர்களுக்கு வேண்டியது ஒற்றைப் பெல்ட்டே அன்று. அடிக்கடி தேவைப்படும் அளவுகளெல்லாம் கலந்த ஒரு டப்பா. நாளை முதல் அதைக் கட்டத் தொடங்குகிறேன்.

மார்ச் 2

கடந்த ஒரு மாதத்தில் திரும்பி வந்த பார்சல்கள் ஆறு. நான்கு பேருடைய கருவியில் மோட்டாரே சுற்றவில்லை. பெல்ட்டை மாற்றி என்ன பயன்? "பொத்தானை அழுத்தியபின் மோட்டாரின் ஓசையே கேட்கவில்லை என்றால் தயவுசெய்து இதை வாங்க வேண்டாம், முதலில் மின் இணைப்பையும் மோட்டாரையும் பாருங்கள்" என்ற வரியை ஒவ்வொரு பக்கத்திலும் பொத்தானுக்கு மேலேயே சேர்த்தேன். வாங்க வந்தவரைத் திருப்பி அனுப்புகிறாயே என்று நண்பர் சிரித்தார். திரும்பி வரும் ஒரு பார்சலுக்கு ஆகும் தபால் செலவும் நேரமும் இரண்டு விற்பனையின் இலாபத்தைத் தின்றுவிடுகின்றன என்பதை அவருக்குத் தாளில் போட்டுக் காட்டினேன்.

மார்ச் 20

விளம்பரம் 300ஐத் தாண்டி 312 கிளிக்குகளில் நிற்கிறது. அதன் வழியாக ஒன்பது விற்பனைகள். ஏறத்தாழ மூன்று விழுக்காடு. ஜனவரியில் நிறுத்திய அதே விளம்பரம்தான், சில சொற்களை விலக்கியிருக்கிறேன், அது போய்ச் சேரும் பக்கத்தை மாற்றியிருக்கிறேன்.

ஆர்டர் படிவத்தில் "எங்கள் கடையை எப்படி அறிந்தீர்கள்?" என்ற கேள்வியையும் சேர்த்திருக்கிறேன். அதன் பதில்களும் வருகைக் கணக்கும் பல இடங்களில் ஒத்துப்போகவில்லை. நேரடியாக வந்தவர் என்று கணக்கு காட்டும் எட்டுப் பேரில் ஐவர், மெக்கானிக் சொல்லி வந்ததாக எழுதியிருக்கிறார்கள். கடையின் பெயரைக் காதால் கேட்டு, வீட்டுக்குப் போய்த் தட்டச்சு செய்தவர்கள் அவர்கள். எந்த இணைப்பிலும் தடம் விழவில்லை. எண்களை மட்டும் நம்பியிருந்தால் மெக்கானிக்குகளுக்குச் செலவிட்ட நேரம் வீண் என்று முடிவுகட்டியிருப்பேன்.

இசைப் பாடங்களை மகளுக்குக் கேட்கக் கொடுத்தவர் மாலையில் எழுதியிருந்தார். பெல்ட் மாற்றியபின் கருவி ஓடுகிறதாம், ஆனால் ஒரு பக்கம் முடிவதற்குள் குரல் நடுங்கத் தொடங்கிவிடுகிறதாம். நாடாவை அழுத்திப் பிடிக்கும் ரப்பர் உருளை இறுகிப் பளபளவென்று ஆகியிருப்பதைப் படமெடுத்தும் அனுப்பியிருக்கிறார். "குரல் நடுங்குகிறது" என்பதை அந்தப் பழைய தாளில் ஐந்தாவது வரியாக எழுதிக்கொண்டேன். உருளையின் விட்டத்தை அளந்து அனுப்பும்படி அவரிடம் கேட்டிருக்கிறேன்.