நாகரத்தினம்மாளும் எங்கள் பாட்டு டீச்சரும்

என்னிடம் பாட்டு கற்க வரும் பிள்ளைகளுக்கு, முதல் பாடமான சரளி வரிசை முடிவதற்குள் பெங்களூர் நாகரத்தினம்மாள் யார் என்று தெரிந்திருக்க வேண்டும். கும்பகோணத்தில் வீட்டுக் கூடத்தில் நடக்கும் சின்ன வகுப்புதான். வாரம் முழுக்க வீட்டில் பாடிப் பழகாமல் வந்து உட்கார்ந்தால்கூட ஒரு தடவை விட்டுவிடுவேன். இந்த ஒரு விஷயத்தில் மட்டும் விடமாட்டேன்.

போன மாதம் ஒரு பெண்ணின் அப்பா தயங்கித் தயங்கிக் கேட்டார்: "டீச்சர், இதெல்லாம் கிரேடு எக்ஸாம்ல கேப்பாங்களா?" கேட்க மாட்டார்கள். ஆனால் உங்கள் பெண் நாளைக்குத் திருவையாற்றில் தியாகராஜர் சமாதியில் போய் உட்கார்ந்து அவருடைய பஞ்சரத்தினக் கிருதிகளைப் பாட முடிகிறதென்றால், அந்த இடத்தை யார் வாங்கிக் கொடுத்தார்கள் என்று அவளுக்குத் தெரிய வேண்டாமா என்றேன். அவர் அப்புறம் ஒன்றும் சொல்லவில்லை. அவருக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரிவாக இங்கே எழுதுகிறேன்.

1878-ல் மைசூரை அடுத்த நஞ்சன்கூட்டில் பிறந்தவர் நாகரத்தினம்மாள். தேவதாசி குலம். அம்மா புட்டலட்சுமி, மகளுக்கு சமஸ்கிருதம், இசை, நாட்டியம் மூன்றும் வர வேண்டும் என்று ஊர் ஊராக அலைந்து குருமார்களைத் தேடிப் பிடித்தவர். பெங்களூரில் முனிசாமப்பா என்பவரிடம் பாட்டு. அவர் தியாகராஜரின் வாலாஜாபேட்டை சிஷ்ய பரம்பரையில் வந்தவர், அதனால் தியாகராஜ கிருதிகள் சிறு வயதிலேயே நாகரத்தினம்மாளின் நாவில் ஏறிவிட்டன. அம்மா சீக்கிரமே காலமாகிவிட்டார். பின்னாளில் சென்னைக்கு வந்து கச்சேரி, ஹரிகதை, கிராமபோன் தட்டு என்று பெரும் பேரும் பணமும் சம்பாதித்தார். சென்னையில் வருமான வரி கட்டிய முதல் பெண் கலைஞர் இவர்தான் என்று சொல்வார்கள்.

இவர் வெறும் பாடகி இல்லை, நல்ல படிப்பாளி. 18-ஆம் நூற்றாண்டில் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாபசிம்மரின் அவையில் இருந்த முத்துப்பழனி என்ற கணிகை தெலுங்கில் எழுதிய 'ராதிகா சாந்த்வனமு' என்ற காவியத்தைத் தேடிப் படித்தார். அச்சில் கிடைத்த பதிப்பில் பல இடங்களை வெட்டியிருந்தார்கள். எழுதியவர் கணிகை என்ற விவரமும் அமுக்கப்பட்டிருந்தது. நாகரத்தினம்மாள் மூல ஏட்டைத் தேடிப் பிடித்து, ஒப்பிட்டுத் திருத்தி, 1910-ல் முழுமையாகப் பதிப்பித்தார். முன்னுரையில், அன்றைக்குத் தெலுங்கு உலகமே தலையில் வைத்துக் கொண்டாடிய, இந்தக் காவியத்தை ஆபாசம் என்று ஒதுக்கிய எழுத்தாளர் வீரேசலிங்கம் பந்துலுவை நேரடியாகக் கேள்வி கேட்டார். ஆண் புலவர்கள் சிருங்காரம், அதாவது காதல் சுவை, எழுதினால் காவியம், ஒரு பெண் எழுதினால் ஆபாசமா, வெட்கம் என்பது பெண்ணுக்கு மட்டும் உரியதா என்று. அதற்குப் பிறகு ஆபாசம் என்று சொல்லி அரசு அந்தப் புத்தகத்தைத் தடை செய்தது. 1947-ல் பிரகாசம் பந்துலு சென்னை மாகாணத்தின் பிரதமராக (முதலமைச்சர் பதவிக்கு அன்றைய பெயர்) இருந்தபோதுதான் தடை நீங்கியது. ஒரு கலைஞர் தனக்கு 150 வருடம் முந்தைய இன்னொரு கலைஞருக்காகத் தன் பெயரைப் பணயம் வைத்திருக்கிறார். திருவையாறு பற்றிச் சொல்வதற்கு முன் இதைச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, ஏனென்றால் அங்கேயும் அவர் செய்தது இதையேதான்.

1921-ல் மைசூர் வித்வான் பிடாரம் கிருஷ்ணப்பாவிடமிருந்து அவருக்கு ஒரு கடிதம் வருகிறது. திருவையாற்றில் காவிரிக் கரையில் இருக்கும் தியாகராஜர் சமாதி கவனிப்பாரின்றிக் கிடக்கிறது என்று. தியாகராஜர் மறைந்தது 1847 ஜனவரியில். 1900-களின் தொடக்கத்தில் உமையாள்புரம் பாகவதர்கள் அங்கே போய் இடத்தைக் கண்டெடுத்துச் சீர் செய்தார்கள். அதன் பிறகு தில்லைஸ்தானம் நரசிம்ம பாகவதர், பஞ்சு பாகவதர் என்ற அண்ணன் தம்பி, தியாகராஜர் நினைவு நாளில் வருடா வருடம் பாடி வழிபடும் ஆராதனையைப் பெரிதாக நடத்த ஆரம்பித்து, சீக்கிரமே இரண்டாகப் பிரிந்துவிட்டார்கள். பெரிய கட்சி, சின்ன கட்சி என்றே பெயர். ஒரு மகானுக்கு இரண்டு கோஷ்டி ஆராதனை, இரண்டு வசூல், இரண்டு சமையல். சமாதி மட்டும் அப்படியே கிடந்தது.

நாகரத்தினம்மாள் புறப்பட்டுப் போனார். நிலத்துக்கு ஏற்பாடு செய்தார். 1921 அக்டோபரில் அடிக்கல். கச்சேரியில் சம்பாதித்த பணம், நகை என்று கையில் இருந்ததெல்லாம் அங்கே போயிற்று. தியாகராஜருக்கு விக்கிரகம் செய்து வைத்து, கோயில் எழுப்பி, 1925 ஜனவரி 7-ஆம் தேதி கும்பாபிஷேகம் நடத்தினார். இதில் எனக்கு எப்போதும் மனதைத் தொடும் ஒன்று உண்டு. தஞ்சை அரண்மனை கூப்பிட்டபோது நிதியா, ராமன் சந்நிதியா என்று பாடி மறுத்தவர் தியாகராஜர் என்று சொல்கிறோம். அவருக்குக் கோயில் கட்டியதும் ராஜா இல்லை, ஜமீன்தார் இல்லை. தியாகராஜர் பாட்டைப் பாடிப் பாடிச் சம்பாதித்த ஒரு பெண்ணின் பணம் தியாகராஜருக்கே திரும்பிப் போயிருக்கிறது.

சரி, கோயில் கட்டியாயிற்று. ஆராதனையில் அங்கே பாடலாமா? முடியாது என்றார்கள். இரண்டு கட்சிக்கும் வேறு எதில் ஒற்றுமை இல்லாவிட்டாலும் இதில் இருந்தது: பெண்கள் பாடக் கூடாது. கோயில் கட்டிய கை வேண்டும், குரல் வேண்டாம். நான் இதைச் சொல்லும்போது வகுப்பில் சின்னப் பிள்ளைகள்கூட "ஏன் டீச்சர்?" என்று கேட்டுவிடுவார்கள். பெண் என்பதாலும், தேவதாசி என்பதாலும் என்று மறைக்காமல் சொல்வேன். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது நன்றாகவே புரிகிறது.

அவர் அழுதுகொண்டு சென்னைக்குத் திரும்பிப் போகவில்லை. தேவதாசிப் பெண்களைத் திரட்டினார். முன்பக்கம் உங்களுக்கு, பின்பக்கம் எங்களுக்கு என்று சமாதிக்குப் பின்னால் பெண்களின் ஆராதனையைத் தொடங்கினார். பெண்கள் கட்சி என்று அதற்குப் பெயர் வந்தது. ஆக மொத்தம் மூன்று. வருடா வருடம் ஊர் ஊராகப் பெண்கள் வந்து பாடினார்கள், ஹரிகதை செய்தார்கள். இது ஒரு வருடம் இரண்டு வருடம் நடந்த போராட்டம் இல்லை. பத்து வருடத்துக்கும் மேல் விடாமல் நடந்தது. பாட இடம் கிடைத்தால்தானே ஒரு பெண் கற்றுக்கொள்வதற்கு அர்த்தம் இருக்கும்? மேடையே இல்லாத இடத்தில் எந்த அப்பா பெண்ணைப் பாட்டு வகுப்புக்கு அனுப்புவார்? அதனால்தான் அந்தப் பின்பக்கத்து ஆராதனையை நான் ஒரு பெரிய இசைப் பள்ளியாகவே பார்க்கிறேன்.

1940-ல் ஐ.சி.எஸ். அதிகாரி எஸ்.ஒய். கிருஷ்ணசாமி, முசிறி சுப்பிரமணிய ஐயர் போன்றவர்கள் மூன்று கட்சியையும் உட்கார வைத்துப் பேசினார்கள். 1941-லிருந்து ஒரே ஆராதனை. பெண்களும் பாடலாம் என்பது ஒப்பந்தத்திலேயே வந்துவிட்டது. இன்றைக்கு நாம் பார்க்கும் பஞ்சரத்தின கோஷ்டி கானம், நாட்டையில் தொடங்கி ஸ்ரீ ராகத்தில் முடியும் ஐந்து கிருதிகள், இரண்டு பக்கமும் வரிசையாக உட்கார்ந்த வித்வான்களும் விதுஷிகளும், எல்லாம் அந்த ஒற்றுமைக்குப் பிறகு உருவாகி வந்ததுதான். டிவியில் நேரலை பார்க்கும் பலருக்கு அது தியாகராஜர் காலத்திலிருந்தே இருக்கிறது என்று நினைப்பு.

அவர் நிலைப்பாடு எல்லாமே இன்றைக்கு எளிதாக ஏற்கக் கூடியதாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டம் கொண்டுவந்தபோது நாகரத்தினம்மாள் எதிர்ப்பக்கம் நின்றார். எனக்கு இரண்டு அம்மாக்கள் மேலும் மரியாதை உண்டு. சிறுமிகளுக்குப் பொட்டுக்கட்டி தேவதாசியாக்குவது ஒழிய வேண்டியதுதான், அதில் முத்துலட்சுமி அம்மையார் பக்கம்தான் நான். ஆனால் தலைமுறை தலைமுறையாகப் பாட்டையும் ஆட்டத்தையும் காப்பாற்றிக் கொண்டுவந்த பெண்களின் சொத்தும் வித்தையும் என்ன ஆவது என்று நாகரத்தினம்மாள் கேட்டதும் நியாயமான கேள்வி. அதற்கு யாரும் சரியாகப் பதில் சொல்லவில்லை என்பதை அந்தக் குடும்பங்களில் பல பிற்பாடு பட்ட பாட்டைப் பார்த்தால் தெரியும்.

கடைசிக் காலத்தில் திருவையாற்றிலேயே தங்கிவிட்டார். தன் சொத்தை அறக்கட்டளையாக எழுதி, சமாதிப் பராமரிப்புக்கே வைத்தார். அங்கே பெண்கள் வழிபடவும் பாடவும் தடை இருக்கக் கூடாது என்பதையும் மறக்காமல் சேர்த்தார். 1952 மே 19-ல் காலமானார். தியாகராஜர் சமாதிக்கு எதிரிலேயே அவருக்கும் சமாதி. அங்கே கைகூப்பி உட்கார்ந்தபடி சிலையாக இருக்கிறார்.

கலைக்குக் கொடுத்தவர்கள் நம்மிடம் வேறு பலரும் உண்டு. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1929-ல் சிதம்பரத்தில் இசைக் கல்லூரி தொடங்கி, பிறகு தமிழிசை இயக்கத்துக்கும் பின்பலமாக நின்றார். எம்.எஸ். சுப்புலட்சுமி அம்மா எத்தனையோ நல்ல காரியங்களுக்குக் கச்சேரி செய்து கொடுத்தார். சுப்ரபாத இசைத்தட்டின் ராயல்டியை வேத பாடசாலைக்கு எழுதி வைத்தார். அவர்களை நாம் ஓரளவாவது கொண்டாடுகிறோம். நான் கவலைப்படுவது நாகரத்தினம்மாள் வழியில் சின்ன அளவில் செய்துகொண்டிருக்கும் மனிதர்களைப் பற்றி.

எனக்குப் பாட்டு சொல்லிக் கொடுத்தவர் ஒரு பள்ளிக்கூடத்து இசை ஆசிரியை. பள்ளி முடிந்து மாலையில் அவர் வீட்டில் நாங்கள் உட்காருவோம். சம்பளம் வாங்க மாட்டார். என்னிடம் சுருதிப் பெட்டி இல்லை என்று தெரிந்ததும் தன் சம்பளத்தில் ஒன்று வாங்கித் தந்தார். இன்றும் அது என்னிடம் இருக்கிறது, துருத்தி மட்டும் மாற்றியிருக்கிறேன். பத்துப் பொருத்தம் பார்த்துக் கல்யாணம் நிச்சயமான வீட்டில், "பாட்டை விட்டுடச் சொல்லாதீங்க" என்று எனக்காகப் போய்ப் பேசியவரும் அவர்தான். எந்த மேடையிலும் அவருக்கு யாரும் பொன்னாடை போர்த்தி நான் பார்த்ததில்லை.

இன்றைக்கும் அதே கதைதான். 2012-ல் தமிழ்நாடு அரசு ஓவியம், உடற்கல்வி, இசை, தையல், கணினி போன்ற பாடங்களுக்கு 16,000-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களை அரசுப் பள்ளிகளில் நியமித்தபோது மாதச் சம்பளம் 5,000 ரூபாய். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினார்கள். பணி நிரந்தரம் கேட்டு அவர்கள் சென்னையில் உட்கார்ந்து போராடுவதைச் செய்தியில் பார்க்கும்போதெல்லாம் எங்கள் டீச்சர் ஞாபகம் வரும். ஒரு கிராமத்துப் பிள்ளை முதல்முதலாக ஸ, ப கேட்பதும், தூரிகை பிடிப்பதும் அநேகமாக இவர்கள் கையால்தான். கலைக்கு விருது கொடுக்கும் சபாக்களும் சங்கங்களும் வருடத்துக்கு ஒருத்தராவது இப்படிப்பட்ட ஆசிரியரை மேடையேற்ற வேண்டும், பட்டத்தோடு பணமுடிப்பும் தர வேண்டும் என்பது என் ஆசை. தகுதியான ஆள் கிடைக்கவில்லை என்ற பேச்சுக்கே இடமில்லை. ஒவ்வொரு பெரிய வித்வானும் தன் முதல் டீச்சர் பெயரைச் சொன்னாலே பட்டியல் நிறைந்துவிடும்.

நானும் என்னால் ஆனதைச் செய்கிறேன். வகுப்பில் கட்டணம் கட்ட முடியாத பிள்ளைக்குக் கட்டணம் கிடையாது, காரணமும் கேட்பதில்லை. ஆராதனைக்குப் பிள்ளைகளை அழைத்துப் போனால் முதலில் நாகரத்தினம்மாள் சமாதியில் விளக்கேற்றி, அங்கேயே ஒரு கீர்த்தனை பாடிவிட்டுத்தான் பந்தலுக்குள் போவோம். அப்புறம் பேருந்து நிலையம் பக்கம் அசோகா அல்வா வாங்கிக் கொடுப்பேன் என்பதையும் சொல்லிவிட வேண்டும், பாதிப் பிள்ளைகள் வருவது அதற்காகவும்தான்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒரு விண்ணப்பம். தமிழ்நாட்டில் 17 ஊர்களில் மாவட்ட அரசு இசைப்பள்ளிகள் இருக்கின்றன. எங்களுக்குக் கிட்டத்தில் சீர்காழியிலும் திருவாரூரிலும். வாய்ப்பாட்டு, நாகசுரம், தவில், தேவாரம், பரதம், வயலின், மிருதங்கம் எல்லாம் மூன்று வருடப் படிப்பாகச் சொல்லித் தருகிறார்கள். வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகள். உங்கள் வீட்டுப் பரணில் யாரும் தொடாத வயலினோ மிருதங்கமோ கிடந்தால், அதை விற்று வரும் காசு உங்களுக்குப் பெரிதாக இருக்காது. பக்கத்து இசைப்பள்ளியில் கேட்டுப் பாருங்கள், எந்தப் பிள்ளைக்கு வாத்தியம் இல்லை என்று அங்கிருக்கும் ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும். கொடுப்பதற்கு முன் தந்தியோ வாரோ மாற்ற வேண்டியிருந்தால் மாற்றிக் கொடுங்கள்.